24 மணி நேரம் என்பது தற்காலிகம்

கி.மு. 136ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி காலையில் பாபிலோன் நகரத்தில் சூரியன் முழுவதுமாக மறைந்தது. வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பதையே வேலையாகக் கொண்டிருந்த அந்த ஊர்க்காரர்கள் அதை ஈரக் களிமண்ணில் ஆப்பெழுத்தாகப் பதிந்து வைத்தார்கள். அந்த ஏடுகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குறிப்பில் அச்சமோ பரவசமோ இல்லை. பதிவேட்டில் எழுதும் தொனிதான். சூரியன் உதித்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிரகணம் பிடித்தது. வெள்ளியும் புதனும் விண்மீன்களும் தெரிந்தன. சூரியனை ஒட்டியே இருந்ததால் அந்த நாட்களில் கண்ணில் படாமல் போயிருந்த வியாழனும் செவ்வாயும்கூடத் தெரிந்தன. சூரியனின் ஓரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் இதெல்லாம் நடக்காது. ஆகவே, இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலம் போகாத நிலவின் முழுநிழல் அன்று பாபிலோன் மேலேயேதான் விழுந்திருக்கிறது. இப்போது அதே கிரகணத்தை நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிலவின் பாதை தெரியும், பூமியின் பாதை தெரியும். பூமி தன்னைத்தானே சுற்றும் வேகம் அன்றும் இன்றும் ஒன்று என்று வைத்துக்கொண்டு 2,100 ஆண்டுகள் பின்னோக்கிப் போனால், நிழல் பாபிலோனில் விழவில்லை. அதற்கு ஏறக்குறைய 49 பாகை மேற்கே, வடமேற்கு ஆப்பிரிக்கா, ஸ்பெயின் பக்கம் விழுகிறது.

எங்கோ தவறு இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. கிரகணம் நடந்த நேரத்தில் பெரிய சந்தேகம் இல்லை; சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தை ஈர்ப்பு விதி மிகத் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்தக் கணத்தில் பூமியின் எந்த முகம் நிலவைப் பார்த்துத் திரும்பியிருந்தது என்பதை மட்டும் ஈர்ப்பு விதி சொல்லாது. அது பூமி அதுவரை எத்தனை முறை சுழன்றது என்பதைப் பொறுத்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. 49 பாகை என்றால் மூன்றேகால் மணி நேரம். அதாவது இந்த 21 நூற்றாண்டுகளில் பூமி, நம் கணக்கைவிட மூன்றேகால் மணி நேரச் சுழற்சி கூடுதலாகச் சுழன்றிருக்கிறது. அன்றைய நாள் இன்றைய நாளைவிடக் குட்டையாக இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு நேரான விளக்கம் இல்லை. எவ்வளவு குட்டை? ஒரு விநாடியில் நூற்றில் நான்கு பங்குகூட முழுதாகத் தேறாத வித்தியாசம் போதும். இவ்வளவு சிறியது எப்படி மூன்று மணி நேரமாகப் பெருகும் என்று கேட்பது நியாயம். நாளின் நீளம் நூற்றாண்டுக்கு 1.8 மில்லி விநாடி கூடுகிறது என்று கொள்ளுங்கள். 20 நூற்றாண்டுகளில் அது 36 மில்லி விநாடி. இடைப்பட்ட காலத்தின் சராசரி 18. இந்த 18 மில்லி விநாடி ஒவ்வொரு நாளும் சேர்கிறது. நாட்களோ ஏழு லட்சத்துக்கு மேல். பெருக்கினால் 13,000 விநாடியைத் தொடுகிறது, அதாவது மூன்றரை மணி நேரம். ஆயிரத்தில் பாகமாக இருக்கும் ஒன்றைக் கையில் கருவி எதுவும் இல்லாமல் பாபிலோனியர்கள் நமக்காக அளந்து வைத்திருப்பது இப்படித்தான். தினசரிப் பிசகு சிறிது, ஆனால் நாட்கள் ஏராளம்.

இந்தப் பிசகை முதலில் மோப்பம் பிடித்தவர் எட்மண்ட் ஹாலி, வால்வெள்ளிக்குப் பெயர் கொடுத்தவர். 1695இல் பழைய கிரகணங்களைத் தன் காலத்தோடு ஒப்பிட்ட அவர், நிலா வரவர வேகமாகச் சுற்றுவதுபோல் இருக்கிறதே என்றார். 1749இல் ரிச்சர்ட் டன்தோர்ன் அதைக் கணக்கில் காட்டினார். 1787இல் லாப்லாஸ் விடை கண்டுவிட்டதாக உலகம் நம்பியது: மற்றக் கோள்களின் இழுப்பால் பூமியின் நீள்வட்டப் பாதை மெல்ல வட்டத்தை நெருங்குகிறது, அதனால் நிலவின் மீது சூரியனின் பிடி கொஞ்சம் தளர்கிறது, நிலா விரைகிறது. விடை கணக்கோடு அப்படியே பொருந்தியதால் அறுபது எழுபது ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 1853இல் ஜான் கவுச் ஆடம்ஸ் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, லாப்லாஸ் விட்டுவிட்ட உறுப்புகளையும் சேர்த்தால் விடை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்று கண்டார். பாரீசில் இதற்குக் கிடைத்த வரவேற்பு இனிமையானதல்ல. கவனிப்போடு பொருந்திய கணக்கைப் பொருந்தாத கணக்காக மாற்றுவது திருத்தமா, குழப்பமா என்று கேட்டார்கள். ஆனால் பிரான்சிலேயே ஷார்ல் டெலோனே தனி வழியில் போட்ட கணக்கும் ஆடம்ஸ் பக்கமே வந்து நின்றது. மிச்சமான பாதிக்கு 1865இல் டெலோனே சொன்ன காரணம்தான் விஷயத்தின் மையம்: நிலா விரையவில்லை, நாம் அதை அளக்கும் கடிகாரம் தாமதிக்கிறது. அந்தக் கடிகாரம் பூமி. அமெரிக்காவில் வில்லியம் ஃபெரலும் இதே முடிவுக்கு வந்திருந்தார். 1754லேயே தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட், கணக்கு எதுவும் பெரிதாகப் போடாமல், கடல் ஓதங்கள் பூமியின் சுழற்சிக்குத் தடை போடும் என்று எழுதியிருந்தார். சரியான விடை ஒரு நூற்றாண்டு யாராலும் சீண்டப்படாமல் கிடந்திருக்கிறது.

ஓதம் எப்படித் தடையாகும்? நிலவுக்கு அருகில் இருக்கும் பக்கத்தை நிலா சற்று அதிகமாகவும், மறுபக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வித்தியாசத்தால் கடல்நீர் இரு பக்கமும் லேசாகப் புடைக்கிறது. நிலா பூமியைச் சுற்றி வர 27 நாட்களுக்கு மேல் ஆகிறது. பூமியோ ஒரு நாளில் சுழன்றுவிடுகிறது. ஆகவே புடைப்பு நிலவுக்கு நேர்கீழே நிற்க முடியாமல், சுழலும் பூமியால் சற்று முன்னால் இழுத்துச் செல்லப்படுகிறது. முன்னால் போன புடைப்பை நிலா பின்னோக்கி இழுக்கிறது. அது பூமிக்குத் தடை. அதே புடைப்பு நிலவை முன்னோக்கி இழுக்கிறது; அது நிலவுக்கு உந்துதல். பள்ளிப் புத்தகங்களில் வரும் இந்தப் படம் ஓரளவுக்குத்தான் உண்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிஜக் கடலில் அப்படி ஒழுங்கான இரண்டு புடைப்புகள் பூமியைச் சுற்றி வருவதில்லை. கண்டங்கள் குறுக்கே நிற்கின்றன; ஒவ்வொரு கடற்படுகையிலும் ஓத அலை தனித்தனியே சுழன்றாடுகிறது; சில இடங்களில் ஓதமே தெரிவதில்லை. இருந்தும் உலகத்துக் கடல்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், நிலவைவிடச் சற்று முந்திக்கொண்டிருக்கும் ஒரு பங்கு மிஞ்சுகிறது. சுழற்சியை மெதுவாக்க அதுவே போதும். தடைக்குச் செலவாகும் ஆற்றல் கடலடித் தரையில் உராய்ந்து வெப்பமாகிறது. 1919இல் ஜெஃப்ரி டெய்லர் ஐரிஷ் கடல் ஒன்றில் மட்டும் இந்த உராய்வைக் கணக்கிட்டார். மறு ஆண்டே ஹரால்ட் ஜெஃப்ரீஸ் அதை ஆழமில்லாத கடல்கள் அனைத்துக்கும் விரித்தார். டோபெக்ஸ் பொசைடன் செயற்கைக்கோள் கடல்மட்டத்தை விண்ணிலிருந்து அளந்தபோது, இழப்பில் மூன்றில் ஒரு பங்கு நடுக்கடலின் அடியில் இருக்கும் மலைத்தொடர்களில் நடப்பதும் தெரியவந்தது.

இங்கே ஒரு முரண் உறுத்தும். நிலவை முன்னோக்கி இழுத்தால் அதன் வேகம் கூட வேண்டும். நாமோ அது விலகிப்போய் மெதுவாகச் சுற்றுகிறது என்கிறோம். சுற்றுப்பாதையில் உள்ள ஒரு பொருளை முன்னோக்கித் தள்ளினால் அந்த ஆற்றல் அதை மேலே ஏற்றப் போய்விடுகிறது. ஏறுவதற்குத் தள்ளுதல் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே செலவாகிறது. உயரமான பாதைக்குப் போன நிலா முன்பைவிடத் தூரமாகவும் மெதுவாகவும் சுற்றும். பூமி இழந்த சுழற்சி எங்கும் தொலைந்துபோகவில்லை. இயற்பியலில் கோண உந்தம் எனப்படும் அந்த இருப்பு, பூமியின் கணக்கிலிருந்து கழிந்து நிலவின் கணக்கில் ஏறியிருக்கிறது. சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 1879 வாக்கில் இந்தக் கணக்கை முதன்முதலில் முழுமையாக எழுதினார். இதை உண்மையா என்று சோதிக்க நல்ல வழி, எதிர்த்திசையில் நடக்கவேண்டிய ஓர் இடத்தைப் பார்ப்பது. செவ்வாய்க் கோள் தன்னைச் சுற்ற 24 மணி 37 நிமிடம் எடுக்கிறது. அதன் துணைக்கோள் ஃபோபோஸ் ஏழரை மணி நேரம் சொச்சத்தில் செவ்வாயைச் சுற்றி முடித்துவிடுகிறது. இங்கே கோளின் புடைப்பு துணைக்கோளுக்குப் பின்தங்கும், அதைப் பின்னோக்கி இழுக்கும், ஃபோபோஸ் கீழே இறங்க வேண்டும். இறங்குகிறது, நூறு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர். அது இறங்குவது தெரிந்து காரணம் பிடிபடாத நாட்களில், சோவியத் வானியலாளர் யோசிஃப் ஷ்க்ளோவ்ஸ்கி, காற்றின் உராய்வு இவ்வளவு பாதிக்க வேண்டுமானால் அது உள்ளே வெற்றிடமான, யாரோ கட்டிய பொருளாக இருக்கலாமோ என்றுகூடக் கேட்டார். வேற்றுலகத்தார் தேவைப்படவில்லை, செவ்வாயின் திடமான உடலில் எழும் ஓதமே போதுமானதாக இருந்தது.

நம் நிலா விலகுவதை இன்று யூகிக்க வேண்டியதில்லை, அளக்கிறோம். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 குழுவினர் நிலவில் விட்டுவந்தவற்றில், நூறு கண்ணாடி முக்கோண முனைகளைப் பதித்த ஒரு தட்டும் உண்டு. எந்தத் திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. அதற்கு மின்சாரம் தேவையில்லை, அதனால் இன்றும் ஓய்வு பெறவில்லை. அப்பல்லோ 14, 15 குழுவினரும் இப்படித் தட்டுகளை வைத்தார்கள். சோவியத்தின் இரண்டு லூனாகோட் ஊர்திகள் மீது பிரெஞ்சுக்காரர்கள் செய்த தட்டுகள் இருக்கின்றன. நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட் தொலைநோக்கியிலிருந்து ஒரு லேசர் துடிப்பு புறப்படும்போது அதில் ஒன்றுக்குப் பின் 17 சுழியம் போட்ட எண்ணிக்கையில் ஒளித்துகள்கள் இருக்கும். நிலவை அடையும்போது கற்றை இரண்டு கிலோமீட்டர் அகலமாகிவிடும். திரும்பி வருவது இன்னும் சிதறும். இரண்டரை விநாடி கழித்துத் தொலைநோக்கிக்குள் விழுவது ஒரே ஒரு துகள், சில சமயம் அதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான துடிப்புகளைச் சேர்த்து, பயண நேரத்தைக் கணித்து, 3,84,400 கிலோமீட்டர் சராசரித் தூரத்தில் மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்கிறார்கள். நிலவின் பாதை நீள்வட்டம் என்பதால் மாதத்துக்குள்ளேயே தூரம் நாற்பதாயிரம் கிலோமீட்டர் கூடிக் குறையும். அந்த ஆட்டத்தில் சென்டிமீட்டர்களை எப்படிப் பிரிக்கிறார்கள் என்ற ஐயம் எழலாம். ஆட்டம் பெரிதானாலும் திரும்பத் திரும்ப வருவது. விலகல் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போவது. அரை நூற்றாண்டு அளந்தபின் இரண்டும் குழம்புவதில்லை. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது.

இந்த ஓர் எண்ணிலிருந்து பூமி எவ்வளவு மெதுவாக வேண்டும் என்று கணக்கிடலாம். சூரியன் எழுப்பும் ஓதத்தின் பங்கையும் சேர்த்தால், நாள் நூற்றாண்டுக்கு 2.3 மில்லி விநாடி நீள வேண்டும். ரிச்சர்ட் ஸ்டீபன்சனும் லெஸ்லி மோரிசனும் பாபிலோன், சீனா, கிரேக்கம், அரபு நாடுகளின் பழைய கிரகணக் குறிப்புகளைப் பல பத்தாண்டுகள் சலித்தெடுத்து வந்த முடிவு 1.78. இரண்டும் பொருந்தவில்லை. எனக்கு இந்த வாதத்திலேயே வலுவான இடமாகப் படுவது இதுதான். பொருந்தியிருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றதைச் சரிக்கட்டினார்களோ என்று சந்தேகிக்க இடமுண்டு. அந்த அரை மில்லி விநாடி எங்கே போயிற்று என்று தேடியவர்கள் கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் போய் நின்றார்கள். கடைசிப் பனியுகத்தில் கிலோமீட்டர்கணக்கில் தடித்த பனிப்பாளம் அழுத்திக்கொண்டிருந்த நிலம் அது. பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடைப்பட்ட போத்னியா வளைகுடாக் கரையில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டரை நெருங்கும் வேகத்தில். எழும் நிலத்தை நிரப்ப பூமியின் உட்பாறை துருவங்களை நோக்கி நகர்கிறது, பூமியின் நடுப்பகுதி மிகச் சிறிதளவு ஒடுங்குகிறது, நிறை சுழலச்சுக்கு நெருங்கியதால் சுழற்சி விரைகிறது. ஒரு கை தடை போடும்போது மறு கை தள்ளிவிடுகிறது. இது வசதிக்காகச் செருகிய விளக்கமல்ல. லாஜியோஸ் என்ற செயற்கைக்கோளின் பாதை பூமியின் தட்டைத்தன்மைக்கு ஏற்ப மாறுவதை வைத்து, பூமி உருண்டு வருவதை 1983இல் நேரடியாகவே கண்டார்கள்.

இரண்டாயிரம் ஆண்டு வரலாறு பூமிக்கு ஒரு கண்ணிமைப்பு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பும் இது நடந்ததா என்று பாறைகளைத்தான் கேட்க வேண்டும். 1963இல் கார்னல் பல்கலைக்கழகத்தின் ஜான் வெல்ஸ் புதைபடிவப் பவளங்களின் மேல்தோலில் உள்ள நுண்வரிகளை எண்ணினார். பவளம் ஒரு நாளைக்கு ஒரு வரி சுண்ணாம்பு சேர்க்கிறது. பருவ மாற்றம் ஆண்டு எல்லையைக் காட்டுகிறது. இன்றைய பவளத்தில் ஆண்டுக்கு 360 சொச்சம் வரிகள். 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலப் பவளங்களில் 400ஐச் சுற்றி. பூமி சூரியனைச் சுற்றும் காலம் மாறியதாகக் கொள்ள ஆதாரம் எதுவும் இல்லை. கோள்களின் இழுப்பு பாதையின் வடிவத்தை நெளிக்குமே தவிர சராசரித் தூரத்தை அசைப்பதில்லை. ஆண்டில் உள்ள 8,766 மணி நேரத்தை 400ஆல் வகுத்தால் 22 மணிக்குச் சற்றுக் குறைவு. அழகான முடிவு. ஆனால் இதன் மீது முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது. தேய்ந்த வரிகளைக் கண்ணால் எண்ணுவதில் எதிர்பார்ப்பும் சேர்ந்துவிடும். வெல்ஸின் எண்களே 385க்கும் 410க்கும் இடையில் பரவிக் கிடந்தன. 385 என்றால் நாள் 22 மணி 46 நிமிடம், 410 என்றால் 21 மணி 23 நிமிடம். நாள் அன்று குட்டை என்பதற்கு பவளம் நல்ல சாட்சி. எவ்வளவு குட்டை என்பதற்கு அவ்வளவு நல்ல சாட்சி அல்ல.

அதைவிட நம்பகமானது தெற்கு ஆஸ்திரேலியாவில் பிளிண்டர்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் கிடக்கும் எலாட்டினா பாறை. 62 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓதம் புகுந்து வெளியேறிய நீரில் மணலும் வண்டலும் மாறிமாறிப் படிந்து உருவானது அது. ஏற்றம் பெரிதான நாளில் மணல் அடுக்கு தடிக்கும், சிறிதான நாளில் மெலியும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரு ஓதமும் இடையில் வரும் சிறு ஓதமும் அடுக்குகளின் தடிமனில் அப்படியே பதிந்திருக்கின்றன. ஜார்ஜ் வில்லியம்ஸ் இவற்றை முதலில் சூரியக் கரும்புள்ளிகளின் சுழற்சி என்று படித்தார். 1980களின் கடைசியில் தானே அதை மாற்றி, ஓதத்தின் பதிவு என்று நிறுவினார். ஒரே பாறையிலிருந்து இரண்டு எண்கள் கிடைத்தன: ஆண்டுக்கு 400 நாட்கள், ஏழு கூடலாம் குறையலாம், ஆண்டுக்கு 13.1 பௌர்ணமிகள். இன்று பௌர்ணமிகள் 12.37. இந்த இரண்டாவது எண்ணை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். விண்மீன்களை வைத்துப் பார்த்தால், நிலா ஆண்டில் பூமியைச் சுற்றும் எண்ணிக்கை பௌர்ணமிகளைவிட ஒன்று அதிகம். ஆக அன்று 14.1, இன்று 13.37. அன்று ஒரு சுற்றுக்கு ஆன காலம் இன்றையதில் நூற்றுக்கு 94.8. சுற்றுக்காலத்தின் வர்க்கமும் தூரத்தின் கனமும் ஒரே விகிதத்தில் மாறும் என்ற கெப்ளரின் விதியில் போட்டால், தூரம் இன்றையதில் 96.5 விழுக்காடு, அதாவது 3,71,000 கிலோமீட்டர். இடைப்பட்ட 13,400 கிலோமீட்டரை 62 கோடி ஆண்டுகளால் வகுக்க, ஆண்டுக்கு 2.2 சென்டிமீட்டர். இனி முதல் எண்ணுக்கு வாருங்கள். 400 நாட்கள் என்றால் நாள் 21.9 மணி நேரம். அந்த வேகத்திலிருந்து 24 மணிக்கு இறங்கியதில் பூமி இழந்த கோண உந்தத்தையும், 13,400 கிலோமீட்டர் ஏறியதில் நிலா பெற்றதையும் தனித்தனியே கணக்கிட்டால் இரண்டும் பிழை வரம்புக்குள் ஒத்துப்போகின்றன. நாட்களை எண்ணியவர் தவறியிருந்தால் மாதங்களும் அதற்கேற்ப அதே அளவில் தவற வேண்டும். அப்படி ஒரு தற்செயல் நடக்காது என்றில்லை, நம்புவது கடினம். அப்படியானால் 62 கோடி ஆண்டுக்கு முன்பும் 400 நாள், 38 கோடிக்கு முன்பும் 400 நாளா, இடையில் பூமி மெதுவாகவே இல்லையா என்று கூர்மையான வாசகர் கேட்பார். பவளத்தின் எண் அவ்வளவு தளர்வானது என்பதுதான் பதில். அதில் 385க்கு அருகில் உள்ள எண்கள் எலாட்டினாவோடு நன்றாகவே ஒத்துவரும்.

இனி உண்மையிலேயே கனமான ஆட்சேபம். ஓதத்தின் வலிமை தூரத்தைப் பொறுத்து வேகமாக மாறுவது. நிலா அருகில் இருந்தபோது தடை மிகப் பெரிதாக இருந்திருக்கும், அதனால் விலகலும் வேகமாக இருந்திருக்கும். இன்றைய 3.8 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு இந்த விதியைப் பின்னோக்கி ஓட்டினால், 150 கோடி ஆண்டுகளுக்குச் சற்று அப்பால் நிலா பூமியை வந்து முட்டிவிடுகிறது. அப்பல்லோ கொண்டுவந்த பாறைகளில் 400 கோடி ஆண்டைத் தாண்டியவை இருக்கின்றன. பூமியே இளையது என்று வாதாட விரும்புகிறவர்கள் இந்த 150 கோடியைக் கையில் எடுத்துக்கொள்வது வழக்கம். வானியலாளர்களுக்கும் இது நெடுநாள் தலைவலி. கணக்கில் பிழை இல்லை. கடல் என்றும் இன்றுபோலவே ஆற்றலை விழுங்கியது என்ற அனுமானம்தான் பிழை. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் சிறு விசையிலும் உயரப் போகும், தாளம் தப்பித் தள்ளினால் அசையாது. ஒவ்வொரு கடற்படுகைக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. அதை அதன் நீளமும் ஆழமும் தீர்மானிக்கின்றன. நிலவின் ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை தள்ளுகிறது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவின் சொந்தத் தாளம் 13 மணி நேரத்துக்கு அருகில். அங்கே ஓதம் 16 மீட்டர் வரை ஏறுகிறது. குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் பத்து மீட்டர் அளவுக்கு ஏறும் ஓதம், சென்னைக் கரையில் ஒரு மீட்டரைச் சுற்றியே நின்றுவிடுவதும் வளைகுடாவின் வடிவமும் ஆழமும் செய்யும் வேலை. ஒரே நிலா, ஒரே நாள், பத்து மடங்கு வித்தியாசம். இன்றைய அட்லாண்டிக், அதிலும் அதன் வடபகுதி, நிலவின் தாளத்துக்கு மிக நெருங்கி அமைந்துவிட்டது. ஆகவே நாம் அளக்கும் 3.8 சென்டிமீட்டர் சராசரி அல்ல, உச்சத்துக்கு அருகில் உள்ள ஒரு வேகம்.

இது தப்பிக்கச் சொல்லும் சாக்கு என்று யாராவது கருதினால், அவர்களுக்கு எலாட்டினா பாறையைக் காட்டலாம். கடந்த 62 கோடி ஆண்டுகளின் சராசரி 2.2 சென்டிமீட்டர், இன்றைய வேகத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். கண்டங்கள் வேறு விதமாகக் கிடந்த காலத்தில் தடை குறைவாக இருந்திருக்க வேண்டும் என்பது அந்த மணல் அடுக்குகளில் எழுதியிருக்கிறது. அதற்கும் முன்னால், பூமி வேகமாகச் சுழன்றபோது ஓதத்தின் இடைவெளி குறுகியிருந்தது, பெருங்கடல்கள் அந்தத் தாளத்துக்கு ஈடுகொடுக்கவில்லை, தடை இன்னும் குறைந்தது. 2022இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், கண்டங்களின் நகர்வையும் கடலின் தாளத்தையும் சேர்த்து, இன்றைய விலகல் வேகத்தையும் நிலவின் வயதையும் மட்டும் கட்டுப்பாடாக வைத்து இந்த வரலாற்றைப் பின்னோக்கி ஓட்டினார்கள். நிலா பூமியோடு சேரும் காலம் 440 கோடி ஆண்டுகளுக்கு அருகில் வந்தது; பழைய ஓதப் பாறைகளின் எண்கள் அந்த வளைவின் மீதே வந்து உட்கார்ந்தன, எண்களை அதற்குள் ஊட்டாமலே. 150 கோடி என்ற பொருந்தாத விடை, நிலவின் வயதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பூமியின் கடல்கள் எப்படியெல்லாம் உருமாறின என்பதைச் சொன்னது.

கடைசி ஆட்சேபம் செய்தித்தாள்களிலிருந்து வருவது. 2024 ஜூலை 5ஆம் தேதி, 24 மணி நேரத்தைவிட 1.66 மில்லி விநாடி குறைவாகவே நீண்டது. அணுக் கடிகாரங்கள் வந்தபின் பதிவான மிகக் குட்டையான நாள் அது. 1972 முதல் 27 முறை உலகக் கடிகாரங்களில் லீப் விநாடி சேர்த்திருக்கிறார்கள். 2016 டிசம்பருக்குப் பின் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பூமி மெதுவாகிறது என்கிறீர்கள், அது வேகம் பிடிக்கிறதே? பிடிக்கிறதுதான். பூமியின் திரவ உட்கருவும் அதன் மேலுள்ள பாறை உறையும் சுழற்சியைத் தமக்குள் பரிமாறிக்கொள்கின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நாளின் நீளம் சில பத்தாண்டுகளில் பல மில்லி விநாடி ஏறி இறங்கும். பருவக் காற்றுகள் ஆண்டுக்குள்ளேயே ஒரு மில்லி விநாடி அளவுக்கு ஆட்டும். எல் நினோ வலுக்கும் ஆண்டுகளில் நாள் கண்டுபிடிக்கத்தக்க அளவு நீள்கிறது. நிலவின் தடையோ நூறு ஆண்டுக்கு 2.3 மட்டும். பத்தாண்டு வரைபடத்தில் அது தெரியாது, இருபது நூற்றாண்டு வரைபடத்தில் அதுவே ஓங்கித் தெரியும். பூமி வேகம் பிடித்த இதே ஆண்டுகளிலும் லேசர் அளவில் நிலா விலகுவது நிற்கவில்லை. லீப் விநாடி விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. அது சேர்க்கப்படுவதால் பூமி அந்த ஆண்டு ஒரு விநாடி மெதுவாகிவிட்டது என்று பொருளல்ல. விநாடியின் நீளம் 18, 19ஆம் நூற்றாண்டுக் கவனிப்புகளை வைத்து நிர்ணயமானது. லீப் விநாடி சேர்த்த ஆண்டுகளில் நாள் அந்த அளவைவிடச் சற்று நீளமாக இருந்ததால், தினமும் சேர்ந்த பாக்கியை அவ்வப்போது ஒரு விநாடியாகத் தீர்த்தார்கள். அந்தத் தீர்வையும் 2035க்குள் கைவிடுவதென்று 2022 நவம்பரில் நடந்த எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு முடிவெடுத்துவிட்டது. கணினி வலைகளுக்கு அந்த ஒற்றை விநாடி பெரிய தொல்லை.

நிலவின் தடையை எதிர்த்துக்கொண்டிருந்த பனியின் கை இப்போது பக்கம் மாறிக்கொண்டிருக்கிறது. துருவ நிலம் எழுவதால் உருண்டுவந்த பூமி, 1998 வாக்கில் அந்தப் போக்கிலிருந்து சட்டென்று விலகியதைச் செயற்கைக்கோள் பாதைகள் காட்டின. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் உருகும் பனி நீராகிக் கடலில் பரவும்போது, சுழலச்சுக்கு அருகில் இருந்த நிறை நிலநடுக்கோட்டுப் பக்கம் வருகிறது, சுழற்சி குறைகிறது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 2000ஆம் ஆண்டு முதல் இந்த நீர்ப் பெயர்ச்சி மட்டும் நூற்றாண்டுக்கு 1.33 மில்லி விநாடி வீதத்தில் நாளை நீட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டில் எந்தக் கட்டத்திலும் அது ஒரு மில்லி விநாடியைத் தாண்டியதில்லை. கரிம வெளியீடு கட்டுப்படாமல் போனால் 2100 வாக்கில் அந்த வீதம் 2.6ஐத் தொடும், அதாவது நிலவின் பங்கைத் தாண்டிவிடும் என்கிறது அதே கணக்கு.